பச்சை உடம்பும் பாரமான மனசும்: கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் வரும் மனச்சோர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்க காலத்துல ஆறு பெத்தோம், ஏழு பெத்தோம். இதெல்லாம் யாருக்கு வந்துச்சு?" பிரசவத்தையொட்டி வரும் மனச்சோர்வைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். அப்போதும் வரத்தான் செய்தது. காற்றுக் கருப்பு என்றார்கள், திமிர் என்றார்கள், கிணற்றில் விழுந்தவளைப் பற்றித் 'தீராத வயிற்றுவலி' என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இது நகரத்துப் பெண்களின் நோயும் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைச் சந்தித்து, பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் அவர்களைத் திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். நூற்றில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் கணக்குப் போட்டபோது, பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதம் என்று வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து ரத்தம் எடுக்கிறோம். மாதாமாதம் எடை, ரத்த அழுத்தம் பார்த்து அட்டையில் எழுதுகிறோம். ஐந்தில் ஒருத்தியைத் தொடும் இந்த நோய்க்கோ பெரும்பாலான இடங்களில் ஒரு கேள்விகூட இல்லை.

இந்த வழிகாட்டி தாய்க்காக மட்டும் எழுதியதில்லை. அவளைச் சுற்றியிருக்கும் கணவர், அம்மா, மாமியார், அக்கா தங்கைகளுக்காகவும்தான். இந்த நோயின் குணமே, எனக்கு உதவி வேண்டும் என்று கேட்கும் தெம்பை முதலில் உறிஞ்சிவிடுவது. ஆகவே கண்டுபிடிக்கும் பொறுப்பு பாதிக்குமேல் மற்றவர்களுடையது.

படி 1: எது எது என்று பிரித்துப் பாருங்கள்

பிரசவத்தை ஒட்டி வரும் மனமாற்றங்கள் மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், சிலர் ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலாவது, பிரசவமான மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வரும் அழுகை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கிவிடும். பாலும் அப்போதுதான் கட்டத் தொடங்கும். தூக்கம் கிடையாது, தையல் போட்ட இடம் வலிக்கும். காரணமே இல்லாமல் கண்ணீர் வரும், அடுத்த நிமிடம் சிரிப்பும் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். இதற்கு மருந்து வேண்டாம், ஓய்வும் பக்கத்தில் ஆளும் போதும்.

இரண்டாவது, நாம் பேசப்போகும் மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி நீடிக்கும். பிள்ளை பிறந்த முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது, அரிதானது, ஆனால் அவசரமானது. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் மனப்பிறழ்வு. பழைய ஆட்கள் 'ஜன்னி கண்டுருச்சு' என்று சொன்னதில் இதுவும் சேர்த்தி. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று வரும். இரவெல்லாம் தூங்க மாட்டாள், தூங்காததற்கான களைப்பும் முகத்தில் இருக்காது. யாரோ பேசுவது கேட்கிறது என்பாள். இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்பாள். குழந்தை சாமியின் அவதாரம் என்றோ, அதற்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றோ உறுதியாக நம்புவாள். காலையில் சரியாகப் பேசி, மாலையில் ஆளே மாறிப்போவாள். இதைப் பார்த்தால் மந்திரிக்கக் கூட்டிப்போய் ஒரு நாள்கூட வீணாக்காதீர்கள். திருநீறு போட்டுக்கொண்டே வண்டியில் ஏற்றினாலும் சரி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

படி 2: கர்ப்பத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள்

கர்ப்பத்தில் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிக்கல். அசதி, தூக்கக் கேடு, பசியின்மை இதெல்லாம் மாசமாக இருக்கும் எல்லோருக்கும் உள்ளதுதானே? அதனால் உடம்பை மட்டும் பார்த்தால் தெரியாது. அவளுடைய விருப்பங்களைப் பாருங்கள். மசக்கை முடிந்த பிறகும் எதிலும் ஆசையில்லாமல் இருக்கிறாளா? ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டபோது முகத்தில் ஒன்றுமே தெரியவில்லையா? பிடித்த சீரியல், தங்கையுடன் போன் பேச்சு, கோயிலுக்குப் போவது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயிற்றா? 'நான் நல்ல அம்மாவா இருக்க மாட்டேன்', 'இந்தப் பிள்ளை எனக்கு வந்து பொறக்கணுமா' என்பது போன்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறதா? வளைகாப்பில் கைநிறைய வளையல் அடுக்கி உட்காரவைத்த பெண் சிரிக்கவேயில்லை என்றால், எல்லோரும் 'வெட்கம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் கடக்க வேண்டாம்.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப்போடுவது மிக சாதாரணமாக நடக்கிறது. அப்படித் திடீரென்று நிறுத்தினால் பலருக்கு நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குக் கெடுதல் செய்பவை, அவற்றைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். மற்ற பல மருந்துகளைத் தொடரலாம். எது எந்த வகை என்பதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் மருத்துவர். மருந்துக்கடைக்காரரும் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை.

படி 3: நம் வீடுகளில் அது எந்த வேஷத்தில் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'எனக்கு மனச்சோர்வு' என்று எந்தப் பெண்ணும் வந்து சொல்லப்போவதில்லை. உடம்பின் வழியாகத்தான் சொல்வாள். தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் அசதி, உடம்பெல்லாம் எரிகிறது, சோறு இறங்கவில்லை. இதற்கெல்லாம் சத்து ஊசியும் டானிக்கும் வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள்.

அழுகையைவிட எரிச்சலாக வருவதும் உண்டு. புருஷனிடம் வெடுக்கென்று விழுவது, மூத்த பிள்ளையைப் போட்டு அடிப்பது, அடித்துவிட்டுப் பின்னால் போய் அழுவது. 'குழந்தை பொறந்ததிலிருந்து இவளுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு' என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நான் முக்கியமாக நினைப்பது பால் பற்றிய கவலையை. 'பால் பத்தல' என்று தொடங்கும். குழந்தையின் எடை சரியாக ஏறுகிறது, நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் போகிறது, செவிலியரும் பால் போதும் என்கிறார். ஆனாலும் அவளுக்குச் சமாதானமில்லை. குழந்தை முனகினால்கூட, பசியில் சாகடிக்கிறேனே என்று பதறுவாள். அதோடு வருகிறவர் போகிறவரெல்லாம் 'பால் இருக்கா?' என்று கேட்டு அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார்கள். அளவுமீறிய கவலையும் இந்த நோயின் ஒரு முகம்தான். சோகமாகச் சுருண்டு படுத்திருப்பவளுக்குத்தான் மனச்சோர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தால், நாள் முழுக்கப் பரபரவென்று பாட்டிலைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும் தாயைத் தவறவிடுவோம்.

தூக்கத்தில் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் கெடுவது இயல்பு. ஆனால் பிள்ளை தூங்குகிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது, அப்போதும் அவளால் தூங்க முடியவில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது 'இது குழந்தை மேல் பட்டால்' என்று ஓர் எண்ணம் பளிச்சென்று வருகிறது. மொட்டைமாடியில் நிற்கும்போது கைநழுவி விடுவேனோ என்று வருகிறது. அந்த எண்ணத்தைக் கண்டு அவளே நடுங்கிப்போகிறாள். அரிவாள்மனையைப் பரண்மேல் ஒளித்துவைக்கிறாள், குழந்தையைக் குளிப்பாட்டவே பயந்து அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். இது வேண்டாத எண்ணம். அவள் விரும்பாமல், அவளை அருவருக்க வைத்து வருவது. இப்படிப் பதறுகிற தாய், அந்த எண்ணப்படி நடப்பது மிக மிக அரிது. நன்றாகக் குணப்படுத்தலாம். சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் பெண்கள் இதை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். படி 1-இல் சொன்ன மனப்பிறழ்வு வேறு. அங்கே அந்த எண்ணம் அவளைப் பயமுறுத்தாது, சரியென்றே படும். வித்தியாசம் உங்களுக்குப் புரியாவிட்டால் நீங்களாக முடிவுகட்ட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 4: யாரைக் கூடுதலாகக் கவனிப்பது

முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், குடும்பத்தில் இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்கள், கருச்சிதைவையோ குழந்தை இழப்பையோ சந்தித்தவர்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தையை ஐ.சி.யூ.வில் வைத்திருந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

நம் ஊர்ச் சேதியை அந்த வேலூர் ஆய்வு சொல்கிறது. வருமானம் குறைவு, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கர்ப்பத்தின்போது குடும்பத்தில் நடந்த கெட்ட நிகழ்வு, ஒத்தாசைக்கு ஆளில்லாமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. இவைதான் மனச்சோர்வோடு சேர்ந்து வந்தன. அதே 2002-இல் வெளியான கோவா ஆய்விலும் பெண் குழந்தை, கணவனின் அடி இரண்டும் வந்து நின்றன. அங்கே பிரசவமான 6 முதல் 8 வாரத்தில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. ஆகவே 'ஹார்மோன் செய்யுது' என்று பழியையெல்லாம் ரத்தத்தின் மேல் போடுவது வீட்டுக்கு வசதியான பதில். ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும்தான் இறங்குகிறது. இறங்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயமே.

நம் வழக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் அம்மா வீட்டுக்கு வருகிறாள். அங்கே பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் என்று ஒரு படையே இருக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்று மாலையே அந்தப் படை காணாமல் போய்விடுகிறது. பலருக்குப் போகிற இடம் மாமியார் வீடுகூட இல்லை, பெங்களூரிலோ துபாயிலோ இரண்டு அறை அபார்ட்மென்ட். கணவர் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருகிறார். மருத்துவமனைக்காரர்களோ ஆறாவது வாரத்தோடு தாயைப் பார்ப்பதை நிறுத்தியிருப்பார்கள், அதன்பின் தடுப்பூசிக்கு வருவது குழந்தைதான். எனவே அனுப்பிய முதல் ஒரு மாதம் தினமும் போன் செய்யுங்கள். போனில் குழந்தையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள்.

படி 5: கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம்

'ஏன் இப்படி இருக்கே? உனக்கு என்ன குறைச்சல்? ராசாவாட்டம் புள்ள, கை நிறைய சம்பாதிக்கிற புருஷன்' என்று கேட்டால் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். அது கேள்வியில்லை, குற்றச்சாட்டு.

தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ. முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்பதைவிடக் கை வேலையாக இருக்கும்போது பேச்சு எளிதாக வரும்.

"புள்ளய விடு. நீ எப்படிடி இருக்கே?"

"நல்லாத்தான்மா இருக்கேன்."

"ராத்திரி அது தூங்குனப்புறம் நீ தூங்குறியா?"

"...இல்லம்மா."

"படுத்துக்கிட்டு என்ன யோசிக்கிறே?"

"என்னமோம்மா. இந்தப் புள்ளைக்கு வேற அம்மா கிடைச்சிருக்கலாம்னு தோணுது."

இந்த இடத்தில் பெரும்பாலான அம்மாக்கள் 'ச்சீ, வாய மூடு, பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு என்ன பேச்சு' என்பார்கள். பாசத்தில்தான். ஆனால் கதவு அத்தோடு சாத்திக்கொள்ளும். அதற்குப் பதில், "எவ்வளவு நாளா இப்படித் தோணுது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

அடுத்து நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படியெல்லாம் ஆகாது. கேட்பதால் தற்கொலை எண்ணம் வருவதில்லை, உள்ளே இருந்தால் இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது.

மருத்துவமனைகளில் இதற்கென்று ஒரு கேள்வித்தாள் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1987-இல் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பசி, அசதி பற்றி அதில் கேள்வியே இல்லாதது நல்ல யோசனை, அவை எல்லாத் தாய்மாருக்கும் இருப்பவை. சிரிக்க முடிகிறதா, எதையாவது எதிர்பார்த்துச் சந்தோஷப்பட முடிகிறதா, தேவையில்லாமல் தன்னையே நொந்துகொள்கிறாளா, காரணமின்றிப் பயம் வருகிறதா என்று போகும். பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் 'ஆம்' என்ற சாயலில் பதில் வந்தாலே, மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும். பொதுவாக 10-ஐத் தொட்டால் சந்தேகம், 13-ஐத் தொட்டால் வலுவான சந்தேகம் என்று வைத்துக்கொள்கிறார்கள். தமிழ் வடிவத்தை வேலூரில் சரிபார்த்தபோது அதைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலேயே விழித்துக்கொள்வது நல்லது என்று தெரிந்தது. இந்தத் தாள் நோயை உறுதிசெய்யாது. யாரை மருத்துவர் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று மட்டும் காட்டும்.

படி 6: எங்கே போவது, என்ன சொல்வது

நேராக மனநல மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவரிடமோ, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் மருத்துவரிடமோ சொல்லுங்கள். கிராமத்தில் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வருவார், அவரிடம் சொல்லலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. வீட்டில் அடி உதை இருந்தால், முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181.

போகுமுன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், முன்பு இப்படி வந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்தாளா. கடைசிக் கேள்வி முக்கியம். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் விபரீதமாகலாம்.

ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு தடுமாறும். இரண்டுமே மனச்சோர்வு போலவே தோன்றும், மனச்சோர்வோடு சேர்ந்தும் இருக்கும்.

மருத்துவர் அவளிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். மாமியார் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம் நின்றால் அவள் என்ன சொல்லிவிட முடியும்?

படி 7: சிகிச்சையைப் புரிந்துகொள்ளுங்கள்

லேசான, நடுத்தர மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே நல்ல பலன் தரும். அதற்குப் பெரிய படிப்புப் படித்த ஆள்தான் வேண்டும் என்றும் இல்லை. பாகிஸ்தானின் கிராமங்களில் மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் அங்குள்ள பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தாய்மாரோடு பேசவைத்தார்கள். 2008-இல் அதன் முடிவு வெளியானது. பணியாளர் வந்து பேசிய தாய்மாரில் மனச்சோர்வு நீடித்தவர்கள் வெகுவாகக் குறைந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமே பின்னால் அதைக் கையேடாக எடுத்துக்கொண்டது. நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நோய் கடுமையாக இருந்தால் மாத்திரை வேண்டும். எல்லோரும் கேட்பது, பால் கொடுக்கலாமா? பெரும்பாலும் கொடுக்கலாம். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகின்றன. அதனால் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பல மருத்துவர்களும் முதலில் எடுப்பது அதைத்தான். மாத்திரை போட்ட மறுநாளே முகம் மலர்ந்துவிடாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் குமட்டல், தலைவலி வரலாம். இந்த இடைவெளியில்தான் 'ஒண்ணும் கேக்கல' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நன்றானபின்னும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் அந்த இரவுகளில் குழந்தையைத் தாயின் பக்கத்தில் ஒரே பாயில் படுக்கவைக்காதீர்கள்.

மனப்பிறழ்வுக்கும், உயிருக்கு ஆபத்தான மனச்சோர்வுக்கும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். சில சமயம் மின்னதிர்ச்சி சிகிச்சையும் சொல்வார்கள். சினிமாவில் காட்டுவது போல இல்லை, மயக்க மருந்து கொடுத்துச் செய்வது, விரைவில் வேலை செய்வது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் தனிப்பிரிவு 2009-இலிருந்து இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பிரிக்க நேர்ந்தால் அதற்கு உரிய காரணம் இருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சும் வீடுகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

படி 8: வீட்டில் செய்ய வேண்டியது

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் தூக்கத்தைக் கொடுங்கள். தொடர்ந்து நான்கைந்து மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கு அவள் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுக்கட்டும். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்தால், முன்பே பிழிந்து பிரிட்ஜில் வைத்த பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையில் கணவர் கொடுக்கட்டும். துணி மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, தூளியை ஆட்டுவது எல்லாம் அவருடைய வேலை. இரண்டு மணிக்கு மேல் அவள் பார்த்துக்கொள்வாள். இது கணவர் செய்யும் 'உதவி' இல்லை, அவருடைய பிள்ளை. அவருக்கும் மனச்சோர்வு வரக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தில் ஒரு தந்தைக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு இருப்பதாக உலகின் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பார்க்க வருகிறவர்களை முறைப்படுத்துங்கள். நிறம், எடை, பால், சிசேரியனா சுகப்பிரசவமா, அடுத்தது ஆணா என்று விசாரிப்பவர்களைத் திண்ணையிலேயே காப்பி கொடுத்து அனுப்பலாம். தினமும் பத்து நிமிடம் வெயில் படும்படி அவளை வெளியே நடக்கவிடுங்கள். 'தீட்டு, வாசல் தாண்டாதே' என்று இருட்டறையில் வைப்பது நோய்க்குத்தான் சோறு போடும். வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். பத்தியம் என்று பருப்பையும் கீரையையும் பழத்தையும் நிறுத்தினால் சோகை ஏறும்.

தாய்ப்பால் அமுதம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்காக ஒரு தாய் உருக்குலைகிறாள் என்றால், இரவில் ஒரு வேளை கைக்குழந்தைகளுக்கென்றே உள்ள பால் பவுடர் கொடுப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதை எழுதினால் திட்டு விழும் என்று தெரியும்.

தாய்க்கு ஒரு வார்த்தை. பிள்ளையைப் பார்த்ததும் பாசம் பொங்கவில்லை என்றால் நீங்கள் கெட்ட அம்மா இல்லை. பலருக்கு அது மெதுவாகத்தான் வரும், நோய் குறையக் குறைய வரும். இன்று குளித்துவிட்டுத் தலை வாரிக்கொண்டீர்கள் என்றால் இன்றைய கணக்கு சரி. நாளைக்குத் தெருமுனை வரை நடந்துவாருங்கள். மனம் தெளிந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் நாள் போகும். சின்னதாக ஒன்றைச் செய்தால் அதன் பின்னால் மனம் கொஞ்சம் வரும். பேச்சு சிகிச்சையில் சொல்லித்தருவதிலும் பாதி இதுதான்.

படி 9: தாமதிக்கக் கூடாத நேரம்

சாவதைப் பற்றிப் பேசினாலோ, எப்படிச் சாவது என்று யோசித்துவைத்திருந்தாலோ, 'நானும் பிள்ளையும் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி' என்றாலோ, நகையையும் துணிமணியையும் யாரிடமாவது ஒப்படைத்தாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ அவளைத் தனியாக விடாதீர்கள். குழந்தையையும் அவளிடம் தனியாக விடாதீர்கள். திட்டாமல், பூட்டிவைக்காமல், இன்னொரு ஆள் கூடவே இருக்கட்டும். பூச்சிமருந்து, எலி மருந்து, மாத்திரைப் பட்டைகள், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். அமாவாசை கழியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிரிட்டனில், பிரசவமான ஆறு வாரத்திலிருந்து ஒரு வருடம் வரையான காலத்தில் கர்ப்பம், பிரசவம் சார்ந்த நேரடி மரணங்களில் முதலிடத்தில் இருப்பது தற்கொலை. ரத்தப்போக்குக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வைத்தியம் தேறத் தேற, எஞ்சி நிற்பது இதுதான்.

படி 10: அடுத்த பிள்ளைக்கு முன்

ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம். மனப்பிறழ்வு வந்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. அதனால் பிள்ளை வேண்டாம் என்றில்லை. கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரையைச் சீர்செய்துகொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் பழைய கதையை மறைக்காமல் சொல்லி, அட்டையிலேயே எழுதவையுங்கள். ஒன்பதாம் மாதத்துக்குள் ஒரு தாளில் முடிவு செய்துவிடுங்கள்: முதல் இரண்டு வாரம் இரவில் யார் விழித்திருப்பது, என்ன அறிகுறி தெரிந்தால் யாரை அழைப்பது, எந்த மருத்துவமனை, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது. தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒரு நகலை இரவில் விழித்திருக்கப்போகும் ஆளிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.